செதில் தோலும் வராத மீசையும்: எக்ஸ் குரோமோசோமின் ஓரத்தில் ஒரு விடுபடல்

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் தோல் உரிவது சாதாரணம். வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்லித் தேற்றுவார்கள். சில ஆண் குழந்தைகளுக்கு மட்டும் அது நிற்பதில்லை. ஒரு வயதை எட்டுவதற்குள் கால்களிலும் விலாவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்பு நிறச் செதில்கள் இறுக ஒட்டிக்கொள்கின்றன. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, உள்ளங்கை, உள்ளங்கால், முகத்தின் நடுப்பகுதி எல்லாம் தப்பிவிடும். கழுத்துதான் ஊர் கண்ணில் படும் இடம். பார்க்க அழுக்கு படிந்தது போலவே இருக்கும். "புள்ளைய நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டக் கூடாதா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தத் தாயும் பீர்க்கங்கூட்டை வைத்துத் தோல் சிவக்கும்வரை தேய்த்துப் பார்ப்பார். செதில் போகாது. பள்ளிக்கூடத்தில் இது ஒட்டுவாரொட்டி என்று பக்கத்தில் உட்கார மறுப்பார்கள். நாகதோஷம் என்று பரிகாரத்துக்கு அனுப்பவும் ஆள் இருக்கும்.

இதன் பெயர் எக்ஸ் சார்ந்த இக்தியோசிஸ். தமிழில் மீன்செதில் தோல் நோய் என்பார்கள். ஏறத்தாழ 2,000 முதல் 6,000 ஆண்களில் ஒருவருக்கு இருப்பதால், இது ஒன்றும் கேள்விப்படாத நோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தோலோடு முடிந்துவிடும். மற்ற ஆண்களைப் போலவே பருவமடைவார்கள், கல்யாணம் செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள். இந்தக் கட்டுரை அவர்களில் ஒரு சிறுபான்மையைப் பற்றியது. அந்தப் பையன்களுக்குச் செதிலோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: 14, 15, 16 வயதாகியும் குரல் உடையாது, மீசை அரும்பாது, உடல் சிறுவனாகவே நிற்கும். கூடவே பிறவியிலிருந்தே வாசனையும் தெரியாது. தோலுக்கு ஒரு டாக்டர், வளர்ச்சிக்கு ஒரு டாக்டர் என்று அலையும் குடும்பத்துக்கு இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்று யாராவது சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நோய் அரிது என்பதை விட, கண்ணுக்கு நேரே இருக்கும் துப்பை யாரும் படிக்காமல் ஆண்டுகள் ஓடிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

உதிர மறுக்கும் தோல்

முதலில் தோலைப் பார்ப்போம். நம் உடலில் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கொலஸ்ட்ரால் சல்ஃபேட் என்ற பொருளிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றி விடுவது அதன் வேலைகளில் ஒன்று. தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களைப் புரதக் கொக்கிகள் பிணைத்து வைத்திருக்கின்றன. அந்தக் கொக்கிகளை வேறு சில நொதிகள் அறுத்தால்தான் பழைய செல்கள் கண்ணுக்குத் தெரியாத தூசியாக உதிரும். ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் இல்லாத உடலில் கொலஸ்ட்ரால் சல்ஃபேட் தேங்கிப்போய், கொக்கியை அறுக்க வேண்டிய நொதிகளை முடக்கிவிடுகிறது. ஆக, இந்தப் பையனின் உடல் தோலை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவில்லை. உதிர வேண்டியது உதிராமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. வெயில் காலத்தில், காற்றில் ஈரம் இருக்கும்போது, செதில் தணியும். மார்கழிப் பனியில் மோசமாகும்.

இந்த வகையை மற்ற இக்தியோசிஸ்களிலிருந்து 1965-இல் வெல்ஸ், கெர் என்ற இரு ஆய்வாளர்கள் பரம்பரை முறையை வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். நொதிக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதோ தோலில் அல்ல, நச்சுக்கொடியில். 1969-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஃபிரான்ஸ், லிக்கின்ஸ் ஆகிய இருவர் ஒரு கர்ப்பிணிக்கு ஈஸ்ட்ரோஜன் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்து, நச்சுக்கொடியில் சல்ஃபடேஸ் இல்லை என்று நிறுவினார்கள். அந்தக் குறைபாடும் செதில் தோலும் ஒன்றே என்று தெரிய 1978 ஆகிவிட்டது.

நச்சுக்கொடி இங்கே எப்படி வந்தது என்று தோன்றலாம். கருவிலிருக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பி அனுப்பும் சல்ஃபேட் ஒட்டிய ஹார்மோனை எடுத்து, சல்ஃபேட்டைக் கழற்றி, ஈஸ்ட்ரியோலாக மாற்றுவது நச்சுக்கொடிதான். அந்த நச்சுக்கொடி குழந்தையின் மரபணுவால் ஆனது. பையனுக்கு நொதி இல்லையென்றால் அதற்கும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த அந்த ஈஸ்ட்ரியோல் தாயின் ரத்தத்தில் வெகுவாகக் குறையும். நாள் கடந்தும் வலி வராமல் இருக்கலாம், கருப்பை வாய் இளகாமல் போகலாம், மருந்து கொடுத்தும் பிரசவம் நகராமல் அறுவை சிகிச்சையில் முடியலாம். கர்ப்ப கால ரத்தப் பரிசோதனையில் ஈஸ்ட்ரியோல் மட்டும் அடியில் கிடந்து, ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தால், மருத்துவர் இந்தக் குறைபாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செதில் தோல் உள்ள மகனின் தாயிடம் "பிரசவ வலி தானாக வந்ததா?" என்று கேட்பது அதனால் ஒரு நல்ல கேள்வி. நச்சுக்கொடி சொன்ன அந்தச் சேதி பெரும்பாலும் பிரசவ அறிக்கையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது.

நொதி இல்லாததால்தான் ஆண்மை ஹார்மோன் குறைகிறதா?

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டீராய்டு சல்ஃபடேஸ், பெயருக்கேற்ப, ஸ்டீராய்டு ஹார்மோன்களோடு வேலை செய்யும் நொதி. அட்ரினல் சுரப்பி விடும் டிஹெச்இஏ சல்ஃபேட்டை டிஹெச்இஏ என்ற ஹார்மோனாக ஆக்குவதும் அதுதான். டிஹெச்இஏவிலிருந்து ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உருவாக வழி உண்டு. அப்படியானால் நொதி இல்லாதவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைய வேண்டும் அல்லவா?

குறைவதில்லை. ஆணின் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பங்கை விரைகள் கொலஸ்ட்ராலிலிருந்து நேரடியாகவே தயாரிக்கின்றன. சல்ஃபேட் பாதை அடைபட்டாலும் அந்த உற்பத்தி நிற்காது. விரை இறங்காமல் இருப்பது இந்தப் பையன்களிடம் மற்றவர்களை விட அதிகம் என்பது உண்மை. அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கண்ணின் கருவிழியில் பார்வையைக் கெடுக்காத சிறு புள்ளிகளும் சிலருக்கு வரும். கவனக் குறைவு, துறுதுறுப்புச் சிக்கலும் சற்று அதிகம் காணப்படுகிறது. ஆனால் பருவமடைதல் மட்டும் உரிய காலத்தில் நடக்கும். ஆகவே செதில் தோல் உள்ள ஒரு பையனுக்குப் பருவம் வரவில்லையென்றால், பழியை நொதியின் மேல் போட்டுவிட்டு நகர முடியாது. வேறொரு மரபணுவும் போயிருக்கிறதா என்று தேட வேண்டும்.

மூக்கிலிருந்து மூளைக்கு

அந்த வேறொரு மரபணுவின் கதை மூக்கில் தொடங்குகிறது. 1856-இல் ஸ்பெயினைச் சேர்ந்த உடற்கூறியல் அறிஞர் மாயெஸ்த்ரே தெ சான் குவான் ஓர் ஆணின் சடலத்தைப் பரிசோதித்தபோது, மூளையில் வாசனை நரம்புப் பகுதி இல்லாததையும் விரைகள் வளராமல் இருந்ததையும் சேர்த்துக் குறித்து வைத்தார். 1944-இல், ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த ஃபிரான்ஸ் கால்மன், வாசனை தெரியாமையும் பருவமடையாமையும் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து வருவதைக் காட்டினார். கால்மன் சிண்ட்ரோம் என்ற பெயர் அப்படி வந்தது.

மூக்குக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம்? பருவத்தைத் தொடங்கி வைப்பது மூளையின் ஹைப்போதலாமஸ். அங்கிருக்கும் சில ஆயிரம் நரம்பு செல்கள் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும். அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரு ஹார்மோன்களை விடும். அவை விரைகளை எழுப்பும். வியப்பு என்னவென்றால் அந்த ஜிஎன்ஆர்எச் செல்கள் மூளையில் பிறப்பதில்லை. கரு சில வாரமே ஆகியிருக்கும்போது மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளைப் பற்றிக்கொண்டே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேர்கின்றன. வாசனை நரம்பு மூளைக்குள் நுழையவில்லையென்றால் அந்தச் செல்களும் நடுவழியில் நின்றுவிடும்.

இதை மனிதரில் நிரூபித்தது 1989-இல் வெளியான ஓர் ஆய்வு. ஷ்வான்செல்-ஃபுகுடா, பிக், ஃபாஃப் மூவரும் 19 வார ஆண் கரு ஒன்றைப் பரிசோதித்தார்கள். எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையின் (அதன் இரு பகுதிகளில் குட்டையானது) நுனி அந்தக் கருவுக்கு இல்லை. ஜிஎன்ஆர்எச் செல்கள் ஹைப்போதலாமஸில் ஒன்றுகூட இல்லை. மூக்கிலும், மூக்கின் கூரையாக உள்ள சல்லடை எலும்பை ஒட்டியும், மூளையின் உறைக்குக் கீழேயும் கூட்டம் கூட்டமாக நின்றுவிட்டிருந்தன. மூளையின் வாசல்வரை வந்தவை உள்ளே போகவில்லை. மரபியலில் இவ்வளவு துல்லியமாக ஒரு காரணத்தைக் கண்ணால் காட்டிய ஆய்வு குறைவு என்பது என் எண்ணம்.

1991-இல் பிரான்சில் கிறிஸ்தீன் பெத்தியின் குழுவும், இத்தாலியரான ஆந்த்ரேயா பல்லாபியோவும் சேர்ந்த இன்னொரு குழுவும் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன. முதலில் அதற்குக் கேஏஎல்-1 என்று பெயர், இப்போது ஏஎன்ஓஎஸ்-1. அது தயாரிக்கும் புரதம் அனாஸ்மின்-1. வாசனை நரம்புகளுக்கு வழிகாட்டுவது அதுவே.

இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து

செதிலும் பருவமடையாமையும் சேர்ந்து வருவதைப் பலர் முன்பே பார்த்திருந்தார்கள். டென்மார்க்கின் ருட் 1927-இல் அப்படி ஒருவரைப் பதிவு செய்தார். பின்னாளில் பரம்பரைக் குடல் புற்றுநோய் ஆய்வால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி லிஞ்ச், 1960-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதை இரண்டு அரிய பரம்பரை நோய்களின் சேர்க்கை என்றுதான் சொன்னார். அன்றைக்கு அதற்கு மேல் சொல்ல வழியில்லை.

விடை வரைபடத்தில் இருந்தது. எக்ஸ் குரோமோசோம் சுமார் 15.5 கோடி டிஎன்ஏ எழுத்துகள் நீளம். அதன் குட்டைக் கையின் நுனியிலிருந்து எண்ணினால், 70 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் மரபணு. அங்கிருந்து ஏறத்தாழ 13 லட்சம் எழுத்து தள்ளி ஏஎன்ஓஎஸ்-1. இந்த நீளத்துக்கு அது பக்கத்து வீடுதான்.

செதில் தோல் உள்ளவர்களில் ஏறத்தாழ 10-இல் 9 பேருக்கு மரபணுவில் எழுத்துப் பிழை இல்லை. மரபணுவே முழுசாக விடுபட்டிருக்கிறது. காரணம், அதன் இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும் எழுத்துத் தொடர்கள். முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று பொருந்தும் நேரத்தில் அந்தத் தொடர்கள் தவறான ஜோடியோடு சேர்ந்துகொண்டால், நடுவில் உள்ள சுமார் 16 லட்சம் எழுத்துகள் உதிர்ந்துவிடும். வழக்கமான விடுபடல் ஏஎன்ஓஎஸ்-1-ஐத் தொடாமல் சில லட்சம் எழுத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலோருக்குத் தோலோடு போய்விடுகிறது. துண்டு கொஞ்சம் நீண்டு அடுத்த மரபணுவையும் சேர்த்து எடுத்துவிட்டால் செதிலோடு கால்மன் சிண்ட்ரோமும் வரும். நுனிப் பக்கமாக இன்னும் நீண்டால் எலும்பு வளர்ச்சிக் கோளாறு, குள்ளம், அறிவு வளர்ச்சிச் சிக்கல் எல்லாம் சேரலாம். எதிர்ப்பக்கம் நீண்டால் கண்ணின் நிறமி குறையலாம். ஒரு பையனுக்கு என்னென்ன இருக்கும் என்பதைத் துண்டின் நீளமே தீர்மானிக்கிறது.

14 வயதில் கேட்க வேண்டியவை

பையனுக்கு 14 வயதாகியும் விரைகள் வளரத் தொடங்கவில்லை என்றால் அது தாமதம். அளக்க மருத்துவரிடம் ஓர் எளிய கருவி இருக்கிறது: சிறிதிலிருந்து பெரிதாக, கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகள். சுவிட்சர்லாந்தின் பிராடர் உருவாக்கியது. ஒரு கையில் மணிச் சரத்தைப் பிடித்து மறுகையால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 4 மில்லி மணியை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று கணக்கு.

தாமதமானவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெறுமனே மெதுவாக வளர்பவர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் வளர்ந்தார், பொறுங்க" என்ற ஆறுதல் அவர்களுக்குச் சரி. சிக்கல் எங்கே என்றால், அந்த வயதில் ரத்தப் பரிசோதனையில் இருவருக்குமே எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் டெஸ்டோஸ்டிரோனும் குறைவாகவே இருக்கும். மெதுவாக வளர்பவனையும் வளரவே போகாதவனையும் அந்த எண்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை. பல சமயம் காத்திருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் வகுப்பில் எல்லோருக்கும் குரல் உடைந்த பிறகும் தன் குரல் கீச்சென்றிருக்கும் பையன், விளையாட்டுக்குப் பிறகு சட்டை மாற்ற ஒளிந்துகொள்கிறான். வயது 18, 20 என்று போய்விடும். எலும்பு வலுவாகவேண்டிய ஆண்டுகளில் ஹார்மோன் இல்லாததால் எலும்பு மெலிகிறது.

செதில் தோல் உள்ள பையனிடம் இந்தக் காத்திருப்புக்கு நியாயமே இல்லை. அவன் உடம்பே துப்பு கொடுத்துவிட்டது. கேட்க வேண்டியது வாசனை பற்றி. "வாசனை தெரியுதா?" என்று நேராகக் கேட்டால் தெரியும் என்றே பெரும்பாலும் சொல்வான். பிறந்ததிலிருந்தே இல்லாத ஒன்றை இல்லை என்று உணர அவனுக்கு வழியில்லை; நாக்குக்குப் புளிப்பும் உப்பும் காரமும் தெரிவதால் சாப்பாட்டில் குறை சொல்லவும் மாட்டான். கண்ணை மூடச் சொல்லி, காபித் தூள், பெருங்காயம், மல்லிகைப்பூ என்று ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்து இது என்ன என்று கேளுங்கள். அடுப்பில் பால் அடிப்பிடித்துப் புகைந்தாலும் அடுத்த அறையில் கவனிக்காமல் இருப்பவனா என்று அம்மாவைக் கேளுங்கள். அமோனியா போன்ற நெடியை வைத்துச் சோதிக்கக் கூடாது; அந்த எரிச்சல் வேறொரு நரம்பு வழியாகப் போவதால் வாசனை தெரியாதவனும் முகத்தைச் சுளிப்பான். (வாசனை தெரியாதவன் வீட்டில் கேஸ் கசிவை உணர்த்தும் கருவி ஒன்றை மாட்டி வைப்பது நல்லது.)

இன்னொரு அடையாளமும் உண்டு. வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொடச் சொன்னால், சும்மா இருக்க வேண்டிய இடது கை விரல்களும் கூடவே அசையும். ஏஎன்ஓஎஸ்-1 இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே இருக்காது. சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். எம்ஆர்ஐ எடுத்தால் மூளையில் வாசனைச் செய்தியை வாங்கும் வாசனைக் குமிழ் இல்லாததையோ சிறுத்திருப்பதையோ காணலாம். துண்டின் நீளத்தைத் துல்லியமாகச் சொல்வது குரோமோசோம் மைக்ரோஅரே என்ற ரத்தப் பரிசோதனை. தோல் நோய் உறுதியாகும் அன்றே அதைச் செய்துவிட்டால், பருவம் வருமா வராதா என்று பதினான்கு வயதில் திகைக்க வேண்டியதில்லை. செலவு உண்டு. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் தோல் களிம்புக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்றே சொல்வேன்.

சிகிச்சை

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுக் குணம் இல்லை, கட்டுப்பாடு உண்டு. குளித்து ஈரம் காய்வதற்குள் வாஸ்லைனோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டும். யூரியா, லாக்டிக் அமிலம் கலந்த களிம்புகள் செதிலை இளக்கும். சாலிசிலிக் அமிலத்தைக் குழந்தையின் உடம்பு முழுக்கப் பூசக் கூடாது. தோல் வழியாக உள்ளே போகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பால் இந்த நோய்க்கு ஒரு பயனும் இல்லை. தோல் மெலிவதுதான் மிச்சம்.

ஹார்மோனைப் பொறுத்தவரை நம்பிக்கையோடு பேசலாம். உரிய வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மாதம் ஒருமுறை குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். சில மாதங்களில் குரல் கனக்கும், மீசை அரும்பும், தோள் அகலும். பெரியவர்களுக்குச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும், தினம் பூசும் ஜெல்லும் இருக்கின்றன. வாசனை மட்டும் திரும்பாது. பலருக்குத் தெரியாத ஒன்று: டெஸ்டோஸ்டிரோன் ஆணாக வளர்க்கும், விந்தணுவை உண்டாக்காது. குழந்தை வேண்டும் என்கிறபோது அதை நிறுத்திவிட்டு ஹெச்சிஜி (எல்எச் போலவே விரையைத் தூண்டும் ஹார்மோன்), எஃப்எஸ்எச் ஊசிகளை வாரத்தில் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு ஆண்டுவரை போட வேண்டும். பலருக்கு விந்தணு உண்டாகிறது. தந்தையாகிறார்கள். "இவனுக்குக் கல்யாணமே கூடாது" என்று முடிவு கட்டும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கு வரும்?

பையனுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வருகிறது. பெரும்பாலான தாய்மார்கள் இந்த விடுபடலைச் சுமந்திருப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் தோலும் பருவமும் நன்றாகவே இருக்கும். இதை வைத்து மருமகள் மேல் பழி போடுவது அறியாமை. அவருக்கும் தெரியாது, அவருடைய தாய்க்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மகனுக்கும் வர வாய்ப்பு 50 சதவீதம். ஒவ்வொரு மகளும் கடத்தியாக, அதாவது நோய் வராமல் விடுபடலைச் சுமப்பவளாக, இருக்கும் வாய்ப்பும் அதே. நோயுள்ள ஆணின் மகன்களுக்கு வரவே வராது. மகள்கள் எல்லோரும் கடத்திகள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற பேச்சு இந்த நோய்க்குப் பொருந்தாது. கணவன் யாராக இருந்தாலும் கடத்தித் தாயின் மகனுக்கு வரும். ஆனால் நம் முறைக் கல்யாணம் வேறொரு வாசலைத் திறக்கிறது. செதில் தோல் உள்ள தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால், அந்தப் பெண்ணே கடத்தியாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அப்படி இருந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்கும் இரண்டு எக்ஸிலும் விடுபடல் அமையலாம். பெண்ணுக்கும் செதில் வரும். நோயுள்ளவரின் மகளை அவருடைய அக்கா மகனுக்குக் கொடுத்தாலும் கணக்கு அதேதான். பெண் பார்க்கும் முன் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் ஒரு பையனுக்கு இரண்டு மரபணுவும் விடுபட்டிருப்பது தெரிந்தால், அடுத்துப் பிறக்கும் தம்பிக்கு 14 வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பிறந்து முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளின் உடலில் எல்எச், எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் பெரியவர்களைப் போல எழும்பி, ஆறு மாதத்துக்குள் தணிந்துவிடும். ஜிஎன்ஆர்எச் செல்கள் மூளைக்குப் போய்ச் சேராத குழந்தையிடம் அந்த எழுச்சி இருக்காது. ஆண்குறி மிகச் சிறிதாக இருந்தாலோ விரை இறங்காமல் இருந்தாலோ, இரண்டாவது மாதத்தையொட்டி ஒரு ரத்தப் பரிசோதனையே போதும். அதே கைக்குழந்தைப் பருவத்தில் சிறு அளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து ஆண்குறி வளர்ச்சியைச் சரிசெய்ய முடிகிறது. இறங்காத விரையை முதல் பிறந்தநாளையொட்டி அறுவை சிகிச்சையில் இறக்கிவைக்கிறார்கள். பருவத்துக்கான ஊசியை எந்த வயதில் தொடங்குவது என்று குடும்பமும் மருத்துவரும் பல ஆண்டுகளுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.